செருப்பா, வண்டியா?

சக்கரம் வைத்த ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பட்டை, செருப்பா வண்டியா என்று முடிவு செய்ய எங்கள் ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். மைக், தண்ணீர் பாட்டில், மிக்சர் தட்டு எல்லாம் வைத்து, ஒரு அதிகாரியையும் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்துப் போட்டார்கள். நம்பாதவர்கள் என் யூடியூப் சேனலில் போய்ப் பார்க்கலாம், முழு வீடியோவும் கிடக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

செருப்பு என்றால் கிரிவலப் பாதையில் போடக்கூடாதாம், மலை சுற்றுகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிற பாதை அது. வண்டி என்றால் தாராளமாகப் போகலாம். டவுன் பஸ் போகிறது, எம்-சாண்ட் லாரி போகிறது, ஷேர் ஆட்டோ ஆளை இடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறது. இத்தனையிலும் கெடாத புனிதம், பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி விடியற்காலையில் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு போனதும் கெட்டுவிட்டது.

அந்தப் பெண் கீர்த்தனா. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் வினோதினி, அதாவது நான். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலைச் செடி பிடுங்கி வளர்ந்தவள். எல்லைக் காவல் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய்ச் சேர்ந்தேன், இமயமலையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதுவரை வெள்ளையாகக் கொட்டிக் கிடந்து நான் பார்த்தது உரக்கடை யூரியாதான். பனிச்சறுக்குப் பெண்கள் அணிக்கு ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். விழுந்து விழுந்து கற்றுக்கொண்டேன். தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கினேன். ஒரே ஒரு முறை வெளிநாட்டுக்குப் போனேன். அங்கே கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவள் வழியில் இரண்டு முறை விழுந்தவள்.

அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தது வேறொருத்தியின் பூட்ஸ், அதுவும் ஒரு சைஸ் பெரியது. எங்களோடு வந்த நிர்வாகிகளுக்குக் கிடைத்தது மனைவி, மச்சான், மச்சினி சகிதம் ஒரு சுற்றுலா. திரும்பி வந்ததும் இதை ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்னேன். அச்சில் வந்தது. உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளமாம், அடுத்த வருஷம் அணியில் என் பெயர் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார்கள். முடியாது என்று வேலையையும் உதறிவிட்டு வந்தேன். அந்தப் பத்திரிகைக்காரர் நான் சொன்னதை எழுதியிருந்த லட்சணத்தைப் பார்த்தபோதுதான், இதை நாமே எழுதிவிடலாமே என்று தோன்றியது. நிருபரானது அப்படி.

திருவண்ணாமலையில் நிருபர் வேலை என்பது, பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வதைப் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பது. நான் அதோடு நிற்காமல் ஏரி, கால்வாய், குப்பை என்று வழக்குப் போடவும் கிளம்பினேன். அதற்காக 'சமூக ஆர்வலர்' என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். இந்த ஊரில் ஒருத்தியைச் சமூக ஆர்வலர் என்று சொன்னால், அவளுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, வள்ளி என்று ஒருத்தி இட்லிக் கடை போட்டிருக்கிறாள். அவள் மகள்தான் கீர்த்தனா. பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பெண். அவள் ஓடுவதைப் பார்த்த அன்றைக்கே எனக்குக் கை பரபரத்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் நார்வேக்காரர் ஒருவர் மௌனம் பழக வந்து தங்கியிருந்தார். மௌனத்தைப் பற்றி ஓயாமல் பேசுவார். ஊருக்குப் போகும்போது தன்னுடைய சக்கர ஸ்கீயை என்னிடம் விட்டுப் போனார். இங்கே வந்து மோட்சம் தேடும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குச் செய்த உருப்படியான உபகாரம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பனி இல்லாத ஊரில் பனிச்சறுக்கு பழக அதைவிட்டால் வழி இல்லை. ஒன்றரை முழ அலுமினியப் பட்டை, முன்னே ஒரு சக்கரம், பின்னே ஒரு சக்கரம். பூட்ஸை அதில் மாட்டி, இரண்டு கையிலும் நீளக் குச்சியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கீர்த்தனா ஒரே வருஷத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். மார்கழியில் தேசியத் தேர்வு, சமதரையில், இதே சக்கரத்தில். தேறினால் இமயமலை முகாம், பனி, பிறகு படையில் ஒரு வேலை. தேறாவிட்டால் இட்லிப் பானை. வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது, இன்னொரு மார்கழி அவளுக்குக் கிடையாது.

இதற்குக் குழி இல்லாத நீளமான தார் ரோடு வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி இருப்பது கிரிவலப் பாதை மட்டும்தான். பெரிய பெரிய ஆட்கள் காலில் குத்தாமல் நடக்க வேண்டுமே என்று அதைப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள்.

ஆவணியில் ஒரு நாள் விடிகாலை, அடிஅண்ணாமலைக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் கீர்த்தனாவை மறித்தார்கள். ஸ்கீயைக் கழற்றச் சொல்லி, குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு நடக்கவைத்தார்கள். அவள் அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டாள்.

"ரோடு எப்பக்கா கிடைக்கும்?"

மறித்தவர்களை அனுப்பியவர் அறிவுச்செல்வன். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கிரிவலப் பாதையில் ஒரு பெரிய லாட்ஜுக்கு முதலாளி, கிரிவலப் புனிதப் பேரவைக்குத் தலைவர். அந்த லாட்ஜ் நிற்பது நாவலேரிக்கு மழைத்தண்ணீர் போக வேண்டிய கால்வாயின் மேல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது பரவாயில்லை, இந்த ஆள் ஒரு கால்வாயையே டைல்ஸ் போட்டு மறைத்துவிட்டார். மழை வந்தால் தண்ணீர் அவர் காம்பவுண்டுச் சுவரில் முட்டித் திரும்பி, பின்னால் இருக்கிற தெருவுக்குள் புகும். அது வள்ளி இருக்கிற தெரு. தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி நான்தான் வழக்குப் போட்டிருந்தேன். கால்வாயை அளக்கச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. அளந்தால் லாட்ஜில் பாதி போகும். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இவர் படிப்பது தேவாரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கூட்டம் அவருடைய லாட்ஜ் சாப்பாட்டுக் கூடத்திலேயே நடந்தது. புகார் கொடுத்தவர் வீட்டிலேயே பஞ்சாயத்து. அதிகாரிக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை, மிக்சரில் முந்திரியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கால்ல மாட்டுனா அது செருப்புதான் சார். இதுல இன்னா பேச்சு?" என்றார் பேரவைச் செயலாளர் கலையரசன்.

"சக்கரம் கீதே. சக்கரம் இருந்தா வண்டி," என்றார் ஒரு ஆட்டோக்காரர். எங்கள் பக்கம் பேசிய ஒரே மனிதர்.

"தேருக்குக்கூடத்தான் சக்கரம் இருக்குது. தேரு வண்டியா?" என்று எழுந்தார் திருமலை. ரிட்டயர்டு வாத்தியார். கூடத்தில் கைதட்டல். எதற்குத் தட்டுகிறோம் என்று தட்டினவர்களுக்கே தெரியாது.

"வண்டின்னா நம்பர் பிளேட்டு எங்க?" என்றது ஒரு குரல்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். இது செருப்பா, வண்டியா?"

"விளையாட்டுச் சாமான் சார்," என்றேன்.

"அப்படி ஒரு வகை ரூல்ல இல்லையே," என்றார். ஒரு மனிதனால் இதை இவ்வளவு கவலையோடு சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு கலையரசன் பெரிய குற்றத்தை எடுத்து வைத்தார். கீர்த்தனா போகும்போது மலையை வலமாகச் சுற்றுகிறாள், வரும்போது அதே வழியில் இடமாகத் திரும்புகிறாள். இடமாகச் சுற்றுவது செத்த வீட்டுக் காரியம். ஊருக்கு ஆகாது.

"ஒரே பக்கமா போவலாமே மேடம்?" என்றார் அதிகாரி.

"அப்படிப் பழகினா வலப்பக்கம் மட்டும்தான் சார் திரும்ப வரும். போட்டியில இடப்பக்கமும் வளைவு இருக்கும். பனிக்கு வலமும் இடமும் ஒண்ணுதான்."

"அது பனி. இது அண்ணாமலை," என்றார் திருமலை வாத்தியார். மறுபடியும் கைதட்டல். எத்தனை பிள்ளைகள் இவரிடம் படித்துத் தொலைத்தார்களோ!

சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று எழுந்தார்கள். இலை போடுகிற சந்தடியில் அறிவுச்செல்வன் என்னைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒளித்துப் பேசவில்லை, நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் பேசினார். வெட்கம் இருந்தால்தானே குரல் தணியும்.

"இன்னாம்மா வினோதினி, அந்தப் பொண்ணு நல்லா ஓட்டுதாமே. அது எதுக்கும்மா நடுவுல அவதிப்படணும்? நீங்க கால்வா கேஸ வாபஸ் வாங்குங்க. அது வண்டிதான்னு நானே மைக்ல சொல்றேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா செருப்புதான்," என்றார், மிக்சர் சிக்கிய பல்லைக் குத்திக்கொண்டே.

அவர் முகத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்திருக்க வேண்டும். முன்பானால் ஊற்றியிருப்பேன். ஆனால் நான் கணக்குப் போட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று வீராப்பாக வந்தவளுக்கு அதன்பிறகு பனியே கிடைக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால்தான் உண்டு. இந்தப் பெண்ணுக்கும் அந்தக் கதி வேண்டாம். ஏரி எங்கே போய்விடப் போகிறது, வழக்கை அப்புறம்கூடப் போட்டுக்கொள்ளலாம். வயது போனால் போனதுதான்.

என் வக்கீல் எழில் இரண்டு தடவை கேட்டார். "தெருக்காரங்ககிட்ட பேசிட்டீங்களா மேடம்? கையெழுத்து போட்டவங்க அவங்க."

"நான் பாத்துக்கறேன்," என்றேன்.

நான் யாரிடமும் பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. போடு என்றபோது என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்ட ஜனங்கள், எடுத்தால் மட்டும் என்ன கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். வழக்கு வாபஸ் ஆனது.

அன்றைக்கு முடிவு சொல்லாமல் கலைந்த கூட்டத்தை அடுத்த வாரமே மறுபடி கூட்டி, அறிவுச்செல்வன் மைக் பிடித்தார். தீர விசாரித்ததில் அது வண்டிதான் என்று தெரியவந்ததாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, வலமாக மட்டும்தான் போக வேண்டும். வண்டி என்று ஆகிவிட்டதால் வண்டிப் பூஜை வேண்டாமா? ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். 'அண்ணாமலை தந்த பனிப்புயல் கீர்த்தனா' என்று எழுதி, பக்கத்தில் ஹெல்மெட்டும் கண்ணாடியுமாகப் பாயும் படம் ஒன்று. இணையத்தில் எங்கோ எடுத்த யாரோ வெள்ளைக்கார ஆம்பிளை. தாடி தெரிகிறது. ஊரில் ஒருத்தர் கண்ணுக்கும் படவில்லை.

ஸ்கீ இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சுற்றி, கற்பூரம் காட்டினார்கள். அப்புறம் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். புது வண்டி என்றால் அதை நசுக்கிக்கொண்டுதானே புறப்பட வேண்டும். இந்தச் சக்கரம் எலுமிச்சம்பழ உயரத்துக்குக் கொஞ்சம்தான் ஜாஸ்தி, அதன்மேல் ஏறினால் பெண் முகம் குப்புற விழுவாள், கை உடையும் என்று நான் கத்தினேன். "சாங்கியம்மா, சாங்கியம்" என்றார்கள். கீர்த்தனா பூசாரியைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், குச்சியை ஊன்றி ஒரே எம்பில் தாண்டிப் போய்விட்டாள். எல்லோரும் விசில் அடித்தார்கள். எனக்கு அறிவுச்செல்வன் பொன்னாடை போர்த்தினார். தோளை விலக்காமல் நின்று வாங்கிக்கொண்டேன். அந்த வீடியோவைச் சேனலில் போட்டேன். கூட்டத்தின் வீடியோவை எட்டிப் பார்க்காத ஊர், இதைப் பார்த்துத் தள்ளியது.

பெண் பறந்தாள். இடப்பக்க வளைவை மட்டும் கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிற களத்தில் பழக்கினேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கால்வாய்த் தண்ணீர் வழக்கம்போல் லாட்ஜ் சுவரில் முட்டி வள்ளி தெருவுக்குள் புகுந்தது. அந்த நாட்களில் கீர்த்தனா முழங்கால் வரை ஈரமான பாவாடையோடு வருவாள், மறைவாகப் போய் மாற்றிக்கொண்டு சக்கரத்தைக் கட்டுவாள். நான் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அவள் வேகம்தான் முக்கியமாக இருந்தது. வள்ளி அந்த வாரம் முழுக்கக் கடை திறக்கவில்லை. அதையும் பார்த்தேன்.

மார்கழித் தேர்வில் கீர்த்தனா முதலாவதாக வந்தாள். வடக்கே மலையிலும் சமவெளியிலும் பிறந்து வளர்ந்த பெண்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். செய்தி கேட்டு நான் அழுதேன், மறைக்க மாட்டேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே சுத்தமான காரியம் அது என்று நினைத்தேன்.

முகாமுக்குப் போகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், கேமராவோடு. வள்ளி ஒரு பெரிய பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அறிவுச்செல்வன் வரவில்லை, மாலையை ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். நான் கீர்த்தனாவைச் சென்னை பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தி, மைக்கை நீட்டி, எல்லா நிருபர்களும் கேட்கிற அந்தக் கேடுகெட்ட கேள்வியைக் கேட்டேன்.

"இந்த வெற்றிக்கு யார் காரணம்னு நினைக்கிறீங்க?"

"கேமராவ ஆஃப் பண்ணுங்கக்கா," என்றாள்.

அணைத்தேன்.

"கேஸ வாபஸ் வாங்கிட்டீங்களாமே."

"யார் சொன்னா?"

"தெருவே பேசுது. எங்களுக்குத்தான் கடேசியா தெரிஞ்சுது."

"உனக்காகத்தான் வாங்கினேன் கீர்த்தனா. உனக்கு இந்த ஒரு மார்கழிதான இருந்துச்சு."

"தெரியும்க்கா. ரோடு வேணும்னு நான்தான் கேட்டேன். கெடச்சுது, ஓட்டுனேன், ஜெயிச்சேன். இல்லன்னு சொல்லல." அவள் குரல் ஏறவே இல்லை. "ஆனா மழையில அம்மாதான் வூட்டுல தண்ணி மொண்டு ஊத்திச்சி. அரிசி மூட்ட நனஞ்சு போச்சு. பக்கத்து வூட்டு எல்லம்மா ஆயாவ கட்டிலோட தூக்கினு போனாங்க. நீங்க ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க, போவுது, கேஸ வாபஸ் வாங்கிக்கம்மா, பொண்ணு ஓட்டட்டும்னு. எங்கம்மா எல்லார் கால்லயும் வுழுந்து சொல்ல வச்சிருக்கும். நீங்க கேக்கவே இல்லியே."

 சேனலில் ஊரையே கிழிக்கிறவள், மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"அந்த லாட்ஜ்காரரு எங்கள கேக்க மாட்டாரு. அவருக்கு நாங்க ஆளே இல்ல. உங்களுக்குமாக்கா?"

"உடுறீ," என்று வள்ளி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஊருக்குப் போற நேரத்துல இன்னா பேச்சு இது? அக்கா நமக்கு எவ்ளோ செஞ்சிருக்குது." பிறகு என்னைப் பார்த்து, "நாஷ்டா துன்னீங்களாக்கா?" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

டிரைவர் ஹாரன் அடித்தார். கீர்த்தனா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள்.

"இப்ப ஆன் பண்ணுங்கக்கா."

பண்ணினேன். அவள் லென்ஸைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"என் வெற்றிக்குக் காரணம் ரெண்டு பேர். ஒருத்தர் வினோதினி அக்கா, ஒருத்தர் அறிவுச்செல்வன் ஐயா. ரெண்டு பேருக்கும் நன்றி."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதை வெட்டிவிட எனக்கு ஒரு நொடி ஆகாது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். எங்கள் இருவர் பெயருக்கும் நடுவில் அவள் மூச்சுகூட விடவில்லை. வெட்டாமல், ஒரு எழுத்து குறைக்காமல், அப்படியே போட்டேன்.

அறிவுச்செல்வன்தான் முதலில் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "ரொம்ப நல்லா வந்துக்கீதும்மா," என்றார்.